அச்சும் திரையும் – 17: பிறக்காத 500 இதழ்கள்

போன வாரம் முடிக்கும்போது, அடுத்தது படிவம் 4, பத்திரிகைகள் தம் சொந்தக்காரர்கள் யார் என்று அச்சிட வேண்டியிருந்த படிவம், என்று சொல்லியிருந்தேன். ‘பேப்பரை நம்புவதா, போனில் வருவதை நம்புவதா?’ என்ற கேள்வியோடு பதினாறு வாரமாகக் கூட வருகிறவர்களுக்கு அதற்கு மேல் முன்கதை வேண்டியிருக்காது.

ஆனால் படிவம் 4-க்காகக் குறிப்புகளைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஓர் எண் நான்கு நாளாக என்னை வேறு எதையும் எழுத விடவில்லை. நாளைக் காலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். மனசு முழுக்க அந்த எண்தான் இருக்கிறது. அதையே எழுதிவிடுகிறேன். அந்த எண் 500.

எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மலர் இத்தனை, இதழ் இத்தனை’ என்று போட்டிருக்கும். அதை நின்று படிக்கிறவர் யாரும் இல்லை. நேற்றைய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் இன்றைய எண். ஒரு பத்திரிகை அச்சிடும் தகவல்களிலேயே ஆகச் சுலபமானது இதுதான். யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. யாரும் மறுக்கப் போவதும் இல்லை. நிருபர் வெயிலில் அலையவும் வேண்டாம்.

அந்த ஆகச் சுலபமான தகவலை நியூயார்க் டைம்ஸ் நாளேடு நூறு ஆண்டுகளுக்கு மேல் தவறாக அச்சிட்டது.

1898 பிப்ரவரி 6-ஆம் தேதி இதழின் எண் 14,499. மறுநாள் 14,500 என்று வந்திருக்க வேண்டும். 15,000 என்று வந்தது. 499-க்கு அடுத்தது 500 என்று மனசுக்குள் ஓட, கை 15,000 என்று எழுதியிருக்கும். அதற்கடுத்த நாள் வேலைக்கு வந்தவர் 15,000-த்தோடு ஒன்றைக் கூட்டினார். அவர் செய்த கூட்டல் சரி. அடுத்தவர் செய்ததும் சரி. ஒரே ஒருவர் தவறினார். அவருக்குப் பின் வந்த அத்தனை பேரும் சரியாகக் கூட்டியே அந்தத் தவறைக் காப்பாற்றினார்கள்.

டைட்டானிக் மூழ்கிய செய்தி, இரண்டு உலகப் போர்கள், இந்தியா விடுதலை பெற்றது, மனிதன் நிலவில் கால் வைத்தது என்று எல்லாச் செய்திகளும் அந்தப் பிழையான எண்ணுக்குக் கீழேதான் வந்தன. 1995 மார்ச் 14-ஆம் தேதி, 50,000-ஆவது இதழ் என்று அந்தப் பத்திரிகை மகிழ்ச்சியோடு எழுதியது. உண்மையில் அது 49,500-ஆவது இதழ். 50,000-ஆவது இதழ் 1996 ஜூலை 26-ஆம் தேதிதான் வந்தது. அந்த நாள் யார் கவனத்துக்கும் வராமல் கடந்துபோனது.

1999-இல் அந்த அலுவலகத்தின் இளம் செய்தி உதவியாளர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேற்றைய எண்ணை நம்பித்தானே இன்றைய எண்ணைப் போடுகிறோம், நேற்றைய எண்ணே தவறாக இருந்தால்? பத்திரிகை தொடங்கிய 1851 செப்டம்பர் 18-இலிருந்து எத்தனை நாட்கள் என்று கணினியில் கணக்குப் போட்டார். கணக்கு இடித்தது. பழைய பக்கங்களைத் தேடிப் போய், பிழை பிறந்த நாளையே பிடித்துவிட்டார். 1999 டிசம்பர் 31 இதழின் எண் 51,753. மறுநாள், 2000 ஜனவரி 1 இதழின் எண் 51,254. உலகம் முழுவதும் எண்கள் முன்னே தாவிய அந்தக் காலையில் ஒரு பத்திரிகையின் எண் மட்டும் பின்னால் வந்தது. காரணத்தையும் அந்த இதழிலேயே விளக்கி அச்சிட்டார்கள்.

இதைப் படித்த இரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14,500 முதல் 14,999 வரை எண் தாங்கிய நியூயார்க் டைம்ஸ் உலகத்தில் எந்த நூலகத்திலும் கிடைக்காது. அந்த 500 இதழ்களும் பிறக்கவே இல்லை. அதே நேரம் 51,254 முதல் 51,753 வரையிலான ஒவ்வோர் எண்ணையும் இரண்டிரண்டு இதழ்கள் தாங்கி நிற்கின்றன. வெறும் இதழ் எண்களை மட்டும் வைத்து அந்தப் பத்திரிகையின் பிழையையும் திருத்தத்தையும் இன்னும் நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். இந்தத் தொடர் முழுக்க நான் சொல்ல முயன்றுகொண்டிருப்பது இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது.

பேப்பர் தவறே செய்யாது என்று நம்பி வளர்ந்த தலைமுறை நம்முடையது. ‘பேப்பர்லயே போட்ருக்கான்’ என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த நம்பிக்கை அப்படியே சரியில்லை. ஒன்றைக் கூட்டுவதிலேயே பேப்பர் தவறியிருக்கிறது. ஆனால் அது செய்த தவறு அங்கேயே, அந்தத் தேதியில், அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தது. யாரும் உள்ளே புகுந்து சத்தமில்லாமல் 14,500 என்று மாற்றிவிட முடியாது. அதனால்தான் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த ஒருவரால் அதைப் பிடிக்க முடிந்தது.

அதே பத்திரிகையின் இன்னும் இரண்டு திருத்தங்களைச் சொல்லாமல் நகர மனசில்லை.

1920 ஜனவரி 13-ஆம் தேதி தலையங்கப் பக்கத்தில், விண்வெளியின் வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்றும், அது இயங்கும் என்று சொல்லும் ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இயற்பியல்கூடத் தெரியவில்லை என்றும் எழுதினார்கள். கோடார்டு 1945-இல் காலமானார். 1969 ஜூலை 16-இல் அப்போலோ 11 கிளம்பியது. மறுநாள், ஜூலை 17 அன்று, அந்தத் தலையங்கம் தவறு என்று திருத்தம் வந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள். கோடார்டு பார்க்க இருந்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மற்றொன்று சாலமன் நார்த்தப்பைப் பற்றியது. நியூயார்க் மாநிலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர். 1841-இல் கடத்தி அடிமையாக விற்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் லூசியானாவின் தோட்டங்களில். அவருடைய பெயரையே பறித்து ‘பிளாட்’ என்று கூப்பிட்டார்கள். 1853 ஜனவரியில் மீண்டு வந்தார். ஜனவரி 20-ஆம் தேதி பத்திரிகையில் செய்தி வந்தது. தலைப்பில் அவர் பெயர் ஒரு விதமாகத் தவறு. செய்திக்குள்ளே வேறொரு விதமாகத் தவறு. பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சொந்தப் பெயரோடு திரும்பி வந்தவரின் பெயரை அச்சு மறுபடியும் சிதைத்தது. அவருடைய கதையைச் சொன்ன ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ படம் 2014 மார்ச் 2-ஆம் தேதி ஆஸ்கர் வாங்கியது. மார்ச் 4-ஆம் தேதி, 161 ஆண்டு கழித்து, பத்திரிகை பெயரைத் திருத்தியது.

அந்தப் பிழையைப் பிடித்தது பத்திரிகை அலுவலகம் இல்லை. பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதைப் படித்த ஒருவர் ட்விட்டரில் சுட்டிக்காட்டினார். அச்சு தன் தவறைப் பத்திரமாக வைத்திருந்தது. இணையம் அதை ஊர் பார்க்க வைத்தது. இரண்டையும் எதிரெதிர்க் கட்சியாக நிறுத்தி, எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

திருத்தங்களின் மேல் எனக்கு இருக்கும் இந்தப் பற்று கோவில்பட்டியில் தொடங்கியது.

எண்பதுகளின் தொடக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் எண்களாக வரும் காலம். எள்ளை இறைத்த மாதிரி பக்கம் முழுக்கத் தேர்வு எண்கள். பக்கத்து வீட்டு அக்கா அந்த வருஷம் பரீட்சை எழுதியிருந்தார். அவருடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். அக்காவின் எண் இல்லை. மறுபடி பார்த்தார். இல்லை. அக்கா அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாமா பேப்பரை மடிக்கவில்லை. அக்காவின் எண்ணுக்கு முன்னால் ஏழெட்டு எண்கள், பின்னால் ஏழெட்டு எண்கள், ஒன்றுகூட இல்லாததைப் பார்த்துவிட்டார். “ஒரு வரிசையேவா பெயில் ஆகும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேறொரு பேப்பர் வாங்கி வந்தார். வாசலில் நுழையும்போதே சத்தம்: “அழாத புள்ள, இதுல இருக்கு பாரு!” அந்த வரிசையில் இருந்த எல்லா எண்களும் இருந்தன.

மறுநாள் முதல் பேப்பரில், உள்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கட்டம். திருத்தம். விடுபட்டுப்போன வரிசையை அச்சிட்டு, வருந்துகிறோம் என்று போட்டிருந்தார்கள். மாமா பிளேடால் அதைக் கத்தரித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். “தப்புன்னு அவனே போட்ருக்கான். இனிமே தெருவுல ஒருத்தனும் பேச முடியாது” என்றார்.

அதற்குப் பிறகும் அவர் அந்தப் பேப்பரைத்தான் வாங்கினார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஒன்றில் சந்தேகம் வந்தால் இன்னொன்றைப் பார், தவறியவன் ஒத்துக்கொண்டானா என்று பார். செய்தியை எடைபோட எனக்குத் தெரிந்த முறை இன்றைக்கும் மாமாவின் முறைதான்.

இந்த முறையைத் திரைக்குக் கொண்டு வந்தால் எங்கே இடிக்கிறது?

மறுபடியும் நியூயார்க் டைம்ஸையே எடுத்துக்கொள்கிறேன். ஒரே நிறுவனம், ஒரே ஆசிரியர் குழு என்பதால் ஒப்பிடச் சுலபம். 2016 மார்ச்சில், ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸின் நாடாளுமன்றப் பணி பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை வந்தது. அவருக்குச் சாதகமான கட்டுரை. சில மணி நேரத்தில் தலைப்பு மாறியது. அவருடைய வழிமுறை ஜனாதிபதி பதவிக்கு எடுபடுமா என்று ஐயம் எழுப்பும் பத்திகள் உள்ளே சேர்ந்தன. மாற்றியிருக்கிறோம் என்ற குறிப்பு கட்டுரையில் இல்லை. காலையில் படித்தவரும் மாலையில் படித்தவரும் ஒரே முகவரியில் இரண்டு வேறு கட்டுரைகளைப் படித்தார்கள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்தப் பத்திரிகையிலேயே வாசகர் சார்பில் கேள்வி கேட்கும் பொறுப்பில் இருந்த மார்கரெட் சல்லிவன் இதை எடுத்து எழுதினார்.

தேவையே இல்லாத ஒரு இதழ் எண்ணுக்காக நூறு ஆண்டுக் கணக்கைத் திறந்து காட்டிய அதே பத்திரிகை, ஒரு தேர்தல் கட்டுரையைச் சத்தமில்லாமல் மாற்றியது. ஆட்கள் கெட்டுப்போனதாக நான் நினைக்கவில்லை. காகிதம் அவர்களுக்கு அந்த வசதியைத் தரவில்லை, திரை தந்தது. வசதி இருந்தால் கை நீளும். நேர்மையான கையும் நீளும். இதைத்தான் நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

மாற்றுவது ஒரு பக்கம். மறைந்துபோவது இன்னொரு பக்கம். 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று ப்யூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டுச் சொன்னது. நூறில் முப்பத்தெட்டு. அவற்றில் இருந்த உண்மையும் போயிற்று, பொய்யும் போயிற்று. யார் பொய் சொன்னார் என்பதற்கான சாட்சியும் போயிற்று.

நம் ஊரில் காகிதத்துக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1954-இல் வந்த ஒரு சட்டம், பதிப்பாளர்கள் புத்தகப் பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும் என்றது. 1956-இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி நூலகங்களோடு நம் எழும்பூர் கன்னிமாராவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1896-இல் திறந்த நூலகம். பழைய நாளிதழ் தொகுப்பைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும். ஓரம் பழுப்பேறி, விரல் பட்டால் பொடியாக உதிரும் காகிதம். அதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. எழுதியவரே வந்து கேட்டாலும் ஓர் எழுத்தை மாற்ற விடமாட்டார்கள்.

சரி, அப்படியென்றால் காகிதம்தான் உயர்ந்ததா? அதையும் சொல்ல மாட்டேன். காகிதம் செய்த பாவம் கொஞ்சமில்லை.

2009 தேர்தலின்போது காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தி போல அச்சிட்ட கதை வெளியே வந்தது. போட்டிப் பத்திரிகைகள் இரண்டில் எழுத்து மாறாமல் ஒரே கட்டுரை, ஆளுக்கொரு நிருபர் பெயரோடு. பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு 2010-இல் விரிவான அறிக்கை கொடுத்தது. பெயர்களோடு இருந்த அந்த அறிக்கையை முழுதாக வெளியிடக் கவுன்சில் தயங்கியது. மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகு, 2011-இல் முழு அறிக்கையும் வெளிவந்தது. எங்கே தெரியுமா? கவுன்சிலின் இணையதளத்தில். அச்சு செய்த பாவத்தின் முழுக் கணக்கையும் நான் படித்தது திரையில்தான்.

2023 மார்ச்சை நாம் மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. திருப்பூரில் பின்னலாடை வேலை பார்த்தவர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். அந்தப் புரளிக்காகத் தமிழகப் போலீஸ் போட்ட வழக்குகளில் சமூக ஊடகக்காரர்கள் மட்டும் இல்லை, ஓர் இந்தி நாளேட்டின் ஆசிரியரும் இருந்தார். பொய் போன வழியில் போனும் இருந்தது, பேப்பரும் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பொய்களில் பாதிக்குப் பேப்பர் கட்டிங்கின் உருவம். பழுப்புக் காகிதம், பத்தி பிரித்த எழுத்து, தடித்த தலைப்பு. டிவி சானல் லோகோவோடு வரும் போலி நியூஸ் கார்டுகளும் அப்படித்தான். எந்தப் பேப்பர், என்ன தேதி என்று தேடினால் இருக்காது. காகிதத்தின் மேல் நமக்கு இருக்கும் பழைய மரியாதையைத் திருடித்தான் அந்தப் பொய் நடமாடுகிறது. பேப்பர் மாதிரி இருப்பதால் ஒன்றை நம்பக் கூடாது. எந்தத் தேதியில், எந்தப் பேப்பரில், எந்தப் பதிப்பில் என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தன் தவறை அழிக்காமல் வைத்திருக்கிறவரை நம்புகிறேன். அவர் காகிதத்தில் எழுதினாலும் சரி, திரையில் எழுதினாலும் சரி. காகிதத்துக்கு அது விரும்பாமலேயே வந்த குணம், அழிக்க வழியில்லை. திரையில் அது ஒருவர் விரும்பி எடுக்க வேண்டிய முடிவு. கட்டுரையின் அடியில், ‘இந்தத் தேதியில் இன்னது தவறாக இருந்தது, இப்படித் திருத்தினோம்’ என்று எழுதும் இணைய இதழ்களும் இருக்கின்றன. அவர்கள் வசதி இருந்தும் கையைக் கட்டிக்கொண்டவர்கள். அவர்களை நான் ஒருபடி கூடவே மதிக்கிறேன். பேப்பருக்குள்ளும் அப்படி விரும்பி எடுத்த முடிவுகள் உண்டு. 2006-இல் ‘தி ஹிந்து’ வாசகர் ஆசிரியர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, கே.நாராயணனை அதில் உட்கார வைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு சுதந்திரமான பதவி அதுவே முதல். பிழை சொல்ல ஒரு முகவரி கிடைத்தது.

நீங்கள் படிக்கும் பேப்பரில் கடைசியாகத் திருத்தம் பார்த்தது எப்போது? நீங்கள் திறக்கும் இணையதளத்தில்? ஒரு மாதம் தேடிப் பாருங்கள். ஒன்றுமே தென்படவில்லை என்றால், அங்கே தவறே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைக் கூட்டுவதிலேயே மனிதன் தவறுகிறான். தென்படும் திருத்தங்களைக் கத்தரித்தோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ தேதியோடு எனக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் அவற்றைச் சேர்க்கிறேன்.

படிவம் 4-க்கு இந்த வாரம் இடம் இல்லாமல் போயிற்று. ஒரு நுனியை மட்டும் காட்டி வைக்கிறேன். 1956-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவு விதிகளின்படி, பிப்ரவரி கடைசி நாளுக்குப் பின் வரும் முதல் இதழில் ஒவ்வொரு பத்திரிகையும் தன் சொந்தக்காரர்களின் பெயரை, மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் உட்பட, அச்சிட வேண்டியிருந்தது. வீட்டில் பழைய பேப்பர் கட்டு இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் மார்ச் முதல் வாரத்து இதழ்களை மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும்.

(தொடரும்)